தன்வேதனைக் காட்சி: மண்டையோட்டுக்குள் மிகும் அழுத்தமும் சிகிச்சைத் தெரிவும்

நோயாளி ஒருவர் தமக்கு வலிக்கிறது என்று சொல்லும் சொல் அறிவாகுமா, வெறும் முறையீடாகுமா என்னும் கேள்வி மேலோட்டமாக மருத்துவமனைக்கு உரியதாகத் தோன்றினாலும், அடிப்படையில் அது அளவையியலைச் சார்ந்ததாகும். ஒரு பொருளை உள்ளபடி அறிவதற்கு ஏற்கத்தக்க வழிகள் எவை, அவை ஒவ்வொன்றின் எல்லை எதுவரை என்று ஆராயும் துறையைத் தமிழ் மெய்யியல் நூல்கள் அளவை என்று அழைக்கின்றன. மூளையைச் சூழ்ந்துள்ள நீரின் அழுத்தம், கட்டியோ கிருமித் தொற்றோ இரத்தக் குழாய் அடைப்போ இல்லாமலே உயர்ந்து நிற்கும் நோயில் இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழுகிறது; ஏனெனில் அங்கே மருத்துவர் அளப்பது ஒன்றாகவும், நோயாளி படுவது வேறொன்றாகவும் இருந்து, இரண்டும் பல வேளைகளில் ஒத்துப்போகாமலே நின்றுவிடுகின்றன. மாத்திரை, எடைக் குறைப்பு, அறுவை என்று வழிகள் பல இருக்கையில், எந்த அறிவுக்கு எவ்வளவு இடம் தருவது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது இயலாது.

வளர்ந்தவரின் மண்டையோடு விரிந்து கொடுக்காத எலும்புப் பேழையாகும். அதற்குள் மூளைத் திசு, இரத்தம், மூளைத் தண்டுவட நீர் ஆகிய மூன்றும் அடங்கியிருப்பதால், ஒன்று மிகும்போது மற்றொன்று குறைந்து இடம் தர வேண்டும், தர இயலாதபோது உள்ளழுத்தம் ஏறும். இக்கொள்கையின் அடித்தளத்தை 1783இல் எடின்பரோவின் அலெக்சாண்டர் மன்றோவும் 1824இல் ஜார்ஜ் கெல்லியும் இட்டனர். நீரின் பங்கு பிற்பாடு சேர்க்கப்பட்டது. மூளைத் தண்டுவட நீர் என்பது மூளையின் உட்குழிகளில் சுரந்து, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடி, இறுதியில் சிரை இரத்தத்தோடு கலந்துவிடும் தெளிந்த நீராகும். ஒரு நேரத்தில் உடலில் இருப்பது ஏறத்தாழ 150 மில்லிலிட்டர்தான். ஒரு நாளில் சுரப்பதோ 500 மில்லிலிட்டர் அளவு. ஏறத்தாழ 1400 கிராம் எடையுள்ள மூளை இந்நீரில் மிதப்பதனாலேயே, வெறும் 50 கிராம் எடையுள்ள பொருள்போலத் தன் அடித்தளத்தின்மேல் இலேசாக அமர்ந்திருக்கிறது. இப்படித் தாங்கிக் காக்கும் நீரே சுரப்புக்கும் வடிகாலுக்கும் இடையிலுள்ள சமநிலை குலையும்போது நெருக்கும் நீராகிவிடுகிறது.

இந்நோய்க்கு இடப்பட்ட பெயர்களின் வரலாறு தனியே எண்ணிப் பார்க்கத்தக்கது. முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் ஊசி செலுத்தி நீரின் அழுத்தத்தை அளக்கும் முறையை 1891இல் அறிமுகப்படுத்திய ஜெர்மானிய மருத்துவர் ஹெய்ன்ரிக் குவிங்கே, அடுத்த சில ஆண்டுகளில் இந்நோயையும் விவரித்தார். மாக்ஸ் நோன்னே 1904இல் இதற்குப் 'போலி மூளைக்கட்டி' என்ற பொருளில் பெயரிட்டார். கட்டியின் அறிகுறிகள் எல்லாம் இருந்தும் கட்டி இல்லை என்பதே அதற்குக் காரணம். 1937இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டாண்டி 22 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து நோயை இனங்காணும் வரையறைகளுக்கு வழிவகுத்தார். 1955இல் ஃபோலி என்னும் மருத்துவர் இதைத் 'தீங்கற்ற' உள்ளழுத்த மிகை என்று குறித்தார். உயிரைப் பறிக்காத நோய் என்ற பொருளில் அது சரியே. ஆனால் இந்நோயால் பார்வையை நிரந்தரமாக இழந்தவர்கள் இருக்க, 'தீங்கற்ற' என்னும் சொல்லை எவ்வாறு ஏற்பது? பிற்காலத்தார் அதைக் கைவிட்டு, காரணம் அறியப்படாத என்னும் பொருளில் 'இடியோபதிக்' என்ற சொல்லை முன்வைத்தனர். கிரேக்க வேர்களை நோக்கினால் 'இடியோஸ்' என்பது தனக்கே உரியது என்றும், 'பாதோஸ்' என்பது படும் துன்பம் என்றும் பொருள்படும். வேறொன்றிலிருந்து விளையாமல் தானே தோன்றிய நோய் என்று மருத்துவர்கள் கொண்ட அச்சொல்லுக்குள், ஒருவர் தாமே படும் துன்பம் என்ற பொருளும் ஒளிந்து கிடப்பது கவனத்துக்குரியது.

இந்நோயுடன் வாழ்பவரின் ஒரு நாளை அருகிருந்து நோக்கினால் அத்துன்பத்தின் தன்மை புலப்படும். கண்விழிக்கும்போதே தலை கனக்கிறது, படுத்தால் கூடுகிறது, இருமினாலும் தும்மினாலும் மண்டைக்குள் இடிக்கிறது. வாசலில் கோலமிடக் குனிந்து நிமிர்கையில் கண்முன் சாம்பல் நிறத் திரையொன்று விழுந்து, இரண்டு மூன்று நொடிகளில் தானே விலகிவிடுகிறது. இரவின் அமைதியில் தலையணையில் காதை வைத்தால், நாடித் துடிப்போடு சேர்ந்து காற்றுத் துருத்தி ஊதுவதைப் போன்ற ஓசை கேட்கிறது. அருகில் படுத்திருப்பவருக்கு அது கேட்பதில்லை. கண்ணை வெளிப்புறமாகத் திருப்பும் ஆறாம் மூளை நரம்பு நெருக்குண்டால் ஒரு பொருள் இரண்டாகத் தெரிகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவரிடம் ஒரு குறையும் தெரியாது. முகம் தெளிவாக இருக்கும், காய்ச்சல் இராது, ஸ்கேன் படத்தில் கட்டியும் இராது. தூக்கம் போதவில்லை, கைபேசியை அதிகம் பார்க்கிறாய் என்று வீட்டார் சொல்லிவிட்டுப் போவதும் இதனால்தான்.

அளவை நூல்களின் துணை இங்கே தேவைப்படுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரில் அறிவு பெறும் வழிகளாகப் பிறர் கூறும் அளவைகளை எண்ணிச் சொல்லி, அவற்றைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குகிறார். காண்டல் என்பது ஐயமும் திரிபும் அற்ற நேர்காட்சி. கருதல் என்பது கண்டதைக்கொண்டு காணாததை உய்த்துணர்தல், புகையைக் கண்டு நெருப்பு உண்டென்று துணிவதைப் போல. உரை என்பது நம்பத்தக்கோர் சொல். இவ்வளவும் பிற மரபுகளிலும் உள்ளவையே. ஆனால் சித்தியார் காண்டலை மேலும் நான்காக வகுக்கும் இடம் தனிச்சிறப்புடையது. கண் முதலிய பொறிகளால் அறிவது இந்திரியக் காட்சி. மனத்தால் அறிவது மானதக் காட்சி. இன்ப துன்பங்களை உயிர் தன்னிடத்தே நேராக அனுபவித்து அறிவது தன்வேதனைக் காட்சி. இடமும் காலமும் கடந்து யோகியர் அறிவது யோகக் காட்சி. வேதனை என்னும் சொல்லுக்கு இங்கே அறிதல், உணர்தல் என்பதே பொருள். ஒருவர் தம் வலியை அறிவது உய்த்துணர்வோ பிறர் சொல்லக் கேட்டதோ அன்று, குடத்தைக் கண்ணால் காண்பதற்கு நிகரான நேர்காட்சியே என்று சித்தாந்தம் அதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறது என்பது எளிதில் கடந்துபோகக்கூடிய செய்தியன்று.

மருத்துவரின் அறிவும் இதே சட்டகத்துக்குள் அடங்கும். 1851இல் ஹெர்மன் ஃபொன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தை நோக்கும் கருவியை உருவாக்கினார். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை விட்டு அக்கருவியால் நோக்கும்போது, பார்வை நரம்பு விழித்திரையில் நுழையும் வட்டம் தெரிகிறது. இயல்பான கண்ணில் அதன் விளிம்பு வரைந்தாற்போல் தெளிவாக இருக்க, அழுத்தம் மிகுந்தவரின் கண்ணில் அவ்வட்டம் உப்பி, விளிம்பு மங்கி, மேலோடும் நுண்குழாய்கள் இடையிடையே மறைந்து காணப்படுகிறது. வட்டத்தைக் காண்பது இந்திரியக் காட்சி. அதிலிருந்து உள்ளழுத்தம் மிகுந்திருக்கிறது என்று கொள்வது கருதல். பின்னர் நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்கால்களை மார்போடு ஒடுக்கச் சொல்லி, இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையே ஊசி செலுத்தி, அதனோடு இணைத்த குழாயில் நீர் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று அளக்கிறார்கள். வளர்ந்தவர்களில் 25 சென்டிமீட்டருக்கு மேல் ஏறினால் அது மிகை என்பது இப்போதைய வரையறை.

நோயாளியின் தன்வேதனையும் மருத்துவரின் அறிவும் ஒத்துப்போகாத இடத்திலேயே சிக்கல் தொடங்குகிறது. அழுத்தம் இறங்கி, நரம்பின் வீக்கம் வடிந்த பின்னும் தலைவலி தொடரும் நோயாளிகள் உண்டு. வீக்கம் கடுமையாக இருந்தும் வலியே அறியாதவர்களும் உண்டு. முன்னவரிடம், அளவு சரியாகிவிட்டது, இனி வலி இருக்க வழியில்லை என்று சொல்வது கருதல் அளவையைக் கொண்டு காண்டல் அளவையை மறுப்பதாகும். அளவை நெறிப்படி அது தவறு. நேர்காட்சிக்கு முரணான உய்த்துணர்வு ஏற்கப்படுவதில்லை. அதே வேளையில் தன்வேதனைக்கும் எல்லை உண்டு. வலிக்கிறது என்பது காட்சி; இந்த வலி அழுத்தத்தால்தான் வருகிறது என்று நோயாளி சொல்வாரானால் அவரும் கருதலுக்குள் புகுந்துவிடுகிறார், அங்கே பிழை நேரலாம். இந்நோயாளிகள் பலருக்கு ஒற்றைத் தலைவலியும் சேர்ந்தே இருப்பதால், தொடரும் வலிக்காக மறுபடியும் நீர் எடுக்கச் சொல்லி வற்புறுத்துவது சில வேளைகளில் வேண்டாத துன்பத்துக்கே வழிவகுக்கும். அவ்வாறே, வலி இல்லை என்ற தன்வேதனையை நம்பிக் கண் பரிசோதனையைத் தள்ளிப்போடுபவர், தம் காட்சி எட்டாத இடத்தில் நரம்பு கெட்டுக்கொண்டிருப்பதை அறியாமல் போகிறார்; பார்வைப் புலத்தின் ஓரங்களிலிருந்து தொடங்கும் அவ்விழப்பு நெடுநாள் உணரப்படுவதே இல்லை.

காரணம் அறியப்படாத நோய் என்று மருத்துவர் சொன்னதும், அந்த வெற்றிடத்தை நிரப்ப வினை என்னும் சொல் விரைந்து வந்துவிடுகிறது. முற்பிறவியில் செய்தது, அனுபவித்தே தீர வேண்டும், மருந்தால் என்ன ஆகும் என்று கேட்போர் சமய உணர்வோடு பேசுவதாகவே எண்ணுகின்றனர். ஆனால் சைவ மரபே இதை ஏற்கவில்லை. கொடிமாடச் செங்குன்றூரில், அதாவது இன்றைய திருச்செங்கோட்டில், குளிர்காலத்தில் திருஞானசம்பந்தருடன் இருந்தோரைக் காய்ச்சல் பற்றியபோது, இது இந்நாட்டின் இயல்பு என்று அடியார்கள் சொன்னதாகவும், அவர் திருநீலகண்டப் பதிகம் பாடி அதை நீக்கியதாகவும் சேக்கிழார் பாடுகிறார். நேர்ந்ததை முன்வினையின் விளைவென்று சொல்லத் தெரிந்தவர்கள், அதிலிருந்து மீளும் வழியைத் தேடாமல் இருப்பது அவர்களுக்கே குறையல்லவா என்னும் கருத்தோடுதான் அப்பதிகம் தொடங்குகிறது. அவர் காட்டிய வழி இறைவன் திருவடி, மருந்தன்று. அதை மறைத்து, பதிகத்தை மருத்துவத்துக்குச் சான்றாக்குவது நேர்மையாகாது. எனினும் வினையின் பெயரால் செயலற்றிருப்பதை அம்மரபின் முதற்குரவரே குறையென்று கண்டார் என்பதில் ஐயமில்லை.

இதைவிட ஆழமான தடையொன்று சித்தாந்தத்தில் உண்டு. வினை அறிவற்றது, அது தானே சென்று செய்தவனைப் பற்றாது, எந்த வினையின் பயன் எந்த உயிருக்கு எப்போது என்று அறிந்து கூட்டுபவன் இறைவனே என்பது அதன் கொள்கை. அப்படியானால் அடுத்தவரின் தலைவலிக்கு இன்ன பாவம் காரணம் என்று சொல்பவர், தமக்கு எந்த அளவையாலும் எட்டாத ஒன்றை அறிந்ததாகக் கூறுகிறார். அது பக்தி என்று கொள்ளத்தக்கதன்று. மேலும், இப்பிறவியில் நுகர்வதற்கு வந்த பிராரத்த வினையோடு, இப்போது செய்யப்படும் ஆகாமிய வினையையும் சித்தாந்தம் ஏற்கிறது. நோய் வந்தது பிராரத்தம் என்றே கொண்டாலும், நோயை எவ்வாறு எதிர்கொள்வது என்பது இன்றைய செயலாகும்.

பழைய வினைப்பழி இக்காலத்தில் வேறு உடையில் வருகிறது. இந்நோய் பெரும்பாலும் உடல் எடை மிகுந்த, குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களைப் பற்றுகிறது என்பது உண்மை. எடை குறைந்தால் அழுத்தம் இறங்குகிறது என்பதும் உண்மை. இவ்விரு உண்மைகளிலிருந்து, நோய்க்கு அவளே பொறுப்பு என்ற முடிவுக்குத் தாவுவது தர்க்கப் பிழையும் கொடுமையும் ஆகும். எடை மிகுந்த பெண்களுள் மிகப் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதே இல்லை. மெலிந்தவர்களுக்கும் ஆண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருவதுண்டு. முகப்பருவுக்குத் தரப்படும் டெட்ராசைக்ளின் வகை மருந்துகளும் வைட்டமின் ஏ சார்ந்த மருந்துகளும் அழுத்தத்தை ஏற்றக்கூடியவை. எடை என்பது சிகிச்சை நுழையக்கூடிய ஒரு வாயில். குற்றப்பத்திரிகையாக அதை வாசிக்கும் இடத்தில் நோயாளி மருத்துவரிடம் உண்மையைச் சொல்வதை நிறுத்திவிடுகிறார், அதன்பின் தன்வேதனை என்னும் அளவையே அடைபட்டுப் போகிறது.

இனி உரை என்னும் அளவை. இக்காலத்தில் நம்பத்தக்கோர் சொல்லின் இடத்தில், முறையாக நடத்தப்பட்ட மருத்துவ ஆய்வுகள் நிற்கின்றன. 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இலேசான பார்வைக் குறைவுள்ள 165 பேருக்கு உப்புக் குறைந்த உணவும் எடைக் குறைப்பும் பரிந்துரைக்கப்பட்டு, ஒரு பிரிவினருக்கு அசிட்டசோலமைடு என்னும், நீர்ச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரையும், மறுபிரிவினருக்கு மருந்தில்லா மாத்திரையும் தரப்பட்டன. ஆறு மாதங்களில் மருந்துண்டவர்களின் பார்வைப் புலம் ஓரளவு கூடுதலாக மேம்பட்டது. தலைவலியின் பாதிப்பிலோ இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அளக்கப்படுவதும் படுவதும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அம்மாத்திரையால் விரல் நுனிகள் மரத்துக் கூசும், சோடா முதலிய பானங்களின் சுவை உலோகம்போல் மாறும், சிலருக்குச் சிறுநீரகக் கல் உண்டாகும். பிரிட்டனில் 66 பெண்களிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வு, வழக்கமான எடைக் குறைப்புத் திட்டத்தைவிட இரைப்பைச் சுருக்க அறுவை முதலான எடைக் குறைப்பு அறுவைகள் உள்ளழுத்தத்தைக் கூடுதலாகக் குறைத்தன என்று காட்டியது. உடல் எடையில் 15 விழுக்காடு வரை குறைந்தால் நோய் தணியக்கூடும் என்பது வல்லுநர்களின் பொதுக்கருத்து.

பார்வை வேகமாகக் குறையும்போது பேசப்படும் அறுவைகள் மூன்று. நீரை மூளையின் உட்குழியிலிருந்தோ முதுகுத் தண்டிலிருந்தோ வயிற்றுக்கு வடியவிடும் ஷன்ட் குழாய் விரைந்து பயன் தரும். ஆனால் அது அடைபடுவதும் இடம் பெயர்வதும் மறுபடி அறுவை செய்ய நேர்வதும் அடிக்கடி நிகழ்பவை. பார்வை நரம்பைச் சுற்றிய உறையில் கீறி வழிவிடும் அறுவை கண்ணைக் காக்க முனைவது. தலைவலிக்கு அதனால் பெரிய பயன் இல்லை. மூளையின் பெருஞ்சிரை குறுகியிருப்பவர்களுக்கு அங்கே ஸ்டென்ட் பொருத்துவதைக் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் 2002இல் முதன்முதலாக வெளியிட்டனர். அதன்பின் இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரைகளை மாதக்கணக்கில் உண்ண வேண்டும், கருவுற விரும்பும் பெண்ணுக்கு அது எளிய நிபந்தனையன்று. இவற்றுள் முதல் இரண்டையும் மாத்திரைச் சிகிச்சையோடு ஒப்பிட அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஆய்வு, போதிய நோயாளிகள் சேராததால் இடையில் நிறுத்தப்பட்டது. ஆகவே உரை அளவை இங்கே முழு விடை தருவதில்லை. அதை ஒளிக்காமல் சொல்லும் மருத்துவரையே நம்பத்தக்கோர் என்று கொள்ள வேண்டும்.

உரை முடியும் இடத்தில் யார் முடிவு செய்வது? திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயுற்றவரின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் கருதி மருத்துவர் செயல்பட வேண்டும் என்கிறது. மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணும்போது நோயுற்றவரையே முதலில் வைக்கிறது. முன்னர்ச் சொன்ன மூன்று அளவுகளும் இந்நோய்க்கு அப்படியே பொருந்துகின்றன. நோயின் அளவைக் கண்ணும் ஊசியும் சொல்லும். நோயுற்றவரின் அளவை, அதாவது எந்தப் பக்கவிளைவைத் தாங்க முடியும், வேலையில் எத்தனை நாள் விடுப்பெடுக்க முடியும், குழந்தை வேண்டுமா, மயக்க மருந்துக்கு எவ்வளவு அஞ்சுகிறார் என்பவற்றை அவர் ஒருவரே சொல்ல முடியும். காலம் மட்டும் இருவருக்கும் கட்டுப்படாதது. நரம்பின் வீக்கம் இலேசாக இருந்து பார்வை நிலையாக இருக்கும் வரை எண்ணிப் பார்க்கவும், இரண்டாவது மருத்துவரிடம் கருத்துக் கேட்கவும், நேர்த்திக்கடன் செலுத்திவிட்டு வரவும் இடம் உண்டு. பார்வை நாளுக்கு நாள் குறைகிறதென்றால் அந்த இடம் இல்லை. கெட்டுப்போன பார்வை நரம்பை மீட்டுத்தரும் மருந்து இன்று எவரிடமும் இல்லாததால், வலியைப் பற்றிய முடிவில் நோயாளியின் சொல்லுக்கும், கண்ணைப் பற்றிய முடிவின் அவசரத்தில் மருத்துவரின் காட்சிக்கும் முதலிடம் தருவதே முறையாகும்.

நான்காம் கூறாக அவ்வதிகாரம் குறிப்பது, நோயாளியின் உடனிருந்து பணி செய்பவரை. வலியின் தன்வேதனை அவருக்கு எட்டாது. ஆனால் அதைச் சொல்பவரின் சொல் அவருக்கு எட்டும். குனிந்து நிமிரும்போது பார்வை சில நொடி மங்குகிறது என்றோ, படுத்தால் காதுக்குள் துடிப்பு கேட்கிறது என்றோ வீட்டில் ஒருவர் சொன்னால், காரணம் கற்பிக்காமல், அன்றைக்கே அவரைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்று, பார்வை நரம்பில் வீக்கம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சொட்டு மருந்து விட்டு நோக்கினால் அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும்.